பதினைந்தாவது துண்டு

காய்ச்சல் விட்டு மூன்றாம் நாள் கடைக்கு வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே பின்னறைக்குப் போய்த் தனித்தொட்டியில் இருந்த பவளங்களை எண்ணினாள். பதினான்கு. விளக்கைப் போட்டு மறுபடி எண்ணினாள். பதினான்குதான்.

அது அவள் அண்ணனின் கடை. முன்பக்கம் மீன்களும் பவளங்களும் கண்ணாடித் தொட்டிகளும் விற்பனைக்கு இருந்தன. பின்னறை அவளுடைய ராஜ்ஜியம். கப்பலிலும் விமானத்திலும் வந்து சேரும் பவளம் எதுவும் அவள் கைபடாமல் முன்பக்கம் போகக்கூடாது. வந்ததும் மருந்துக் குளியல். உப்புநீர் வாளியில் மருந்தைக் கலந்து, பவளத்தைப் பத்து நிமிடம் முக்கிவைத்து, ரப்பர் குமிழ் வைத்த குழலால் தண்ணீரைப் பீச்சிப் பீச்சி அடிப்பாள். ஒட்டியிருக்கும் புழுக்கள் மயங்கி வாளியின் அடியில் உதிரும். ஆனால் மருந்துக்குப் புழுதான் சாகும், முட்டை சாகாது. அதனால் வாரம் ஒரு குளியல், எட்டு வாரம் தனித்தொட்டி வாசம். அது முடியும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கையில் பூதக்கண்ணாடியோடு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவாள். கடைத்தெருவில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அண்ணன் இன்னும் சுருக்கிப் ‘பூதம்’ என்பான்.

“அண்ணே, ஒரு பீஸ் குறையுது. நுனியெல்லாம் நீலமா இருக்குமே, அது.”

“அதுவா? வெளுத்துப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்.”

“எங்க போட்ட?”

“குப்பையிலதான். மாலை போட்டா வழியனுப்ப முடியும்?”

அவள் சிரிக்கவில்லை. பவளம் செத்தால் எலும்பு மிஞ்சும். குப்பைக்கூடையைக் காலி செய்வதும் அந்தக் கடையில் அவள் ஒருத்திதான். அவள் வராத நாட்களின் குப்பை அப்படியே கிடந்தது. முழங்கை வரை விட்டுத் துழாவினாள். எலும்பு இல்லை.

மேற்கொண்டு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மணவாழ்க்கை முறிந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்ற நாளில், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் பின்னறைச் சாவியை அவள் கையில் கொடுத்தவன் அவன். அவனிடம் போய் ‘பொய் சொல்றியா’ என்று எப்படிக் கேட்பது? கேட்காமலும் இருக்க முடியவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்தாள். வாளியைக் கழுவியதை மறந்து மறுபடி கழுவினாள். அந்தப் பதினைந்து பவளங்களுக்கும் போட்ட முதல் குளியலில் இரண்டு புழுக்கள் விழுந்திருந்தன. அடுத்தடுத்த குளியல்களில் ஒன்றும் விழவில்லை. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது. முட்டை இருந்தால் பொரிக்கிற நேரம் இனிமேல்தான்.

ஐந்தாம் வாரக் குளியலில் மூன்று விழுந்தன. நகத்துண்டு போல மெலிந்த, பவளத்தின் நிறத்தையே பூசிக்கொண்ட தட்டைப்புழுக்கள். காணாமல் போன துண்டுக்குப் பக்கத்தில் இருந்த பவளத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடியில், சதை மூடாத வெற்றெலும்பில், கடுகைவிடச் சிறிதாகப் பழுப்பு முட்டைகள் கும்பலாக ஒட்டியிருந்தன.

வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் வைத்தாள். அவன் எட்டிப் பார்த்தான். பிறகு ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியையே துடைக்கத் தொடங்கினான்.

“நம்ம தொட்டியிலதானே? குளிப்பாட்டினா போயிடும்.”

“பதினஞ்சாவது எங்கண்ணே?”

துணி ஒரே இடத்தில் சுற்றியது.

“பல் டாக்டர்கிட்ட,” என்றான். “டாக்டரம்மா மூணு தடவை கேட்டுட்டாங்க. நீ காய்ச்சல்ல கிடந்த. பாக்கச் சுத்தமாத்தான் இருந்துச்சு.”

கடையிலிருந்து முறைவைத்துப் போய்த் தொட்டி கழுவித்தரும் இடம் அது. பல் டாக்டரின் வரவேற்பறையில் ஆறடித் தொட்டி ஒன்று உண்டு. அதன் நடுவில் முறம் அகலத்துக்கு விரிந்திருக்கும் கிளைப்பவளத்தை, விரல் நீளத் துண்டாக வாங்கி ஒன்பது வருடமாக வளர்த்தவர் அவர். அந்தப் புழுவுக்கு அதுதான் தீனி.

“யார்கிட்டயும் வாயைத் திறக்காத,” என்றான் அண்ணன். “நாளைக்குத் தொட்டி கழுவப் போறப்ப சத்தமில்லாம எடுத்துட்டு வந்துடறேன். டாக்டரம்மா கேட்டா வெளுத்துப் போச்சுன்னு சொல்லிக்கறேன்.”

சொன்னபடியே எடுத்தும் வந்தான். “பெருசை நல்லாப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. இனியாவது நிம்மதியா இரு.”

அவன் பார்த்த பார்வை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் பொறுத்தாள். இரண்டு நாள் பொறுத்தாள். நான்காம் நாள் மதியம், கடையில் ஆளில்லாத நேரம், பீச்சுகுழலையும் பூதக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வரவேற்பறையில் கன்னம் வீங்கிய ஒருவர் மட்டும் தாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் தொட்டியின் முன் மண்டியிட்டுக் கழுத்தைச் சாய்த்து, பெரிய பவளத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கிளைகளின் நிழல் விழும் இடத்தில் வெளிர்ப் புள்ளிகள். கடித்த தடம். குழலை விட்டு ஒரு பீச்சு பீச்சினாள். மெல்லியதாக ஏதோ ஒன்று பிரிந்து, நீரில் புரண்டு, இன்னொரு கிளையில் போய் ஒட்டிக்கொண்டது.

“இன்னைக்குக் கழுவற நாள் இல்லையே?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் கைகொடுக்கவில்லை.

“டாக்டர், எங்க கடையிலேர்ந்து வந்த பீஸ்ல புழு இருந்திருக்கு. எட்டு வாரம் முடியறதுக்கு முன்னாடியே உங்களுக்குக் கொடுத்துட்டோம். இப்ப உங்க பெருசுல ஏறிடுச்சு.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“நாலு நாளா.”

“நாலு நாள்,” என்றார் டாக்டர். குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “யார் கொடுத்தது?”

“எங்க கடைதான் டாக்டர்.”

டாக்டர் தொட்டியருகே வந்து குனிந்தார். “இப்ப என்ன பண்ணணும்?”

“எல்லாக் கிளைப்பவளத்தையும் வெளிய எடுத்து மருந்துல போடணும். இந்தத் தொட்டி ரெண்டு மாசம் அது இல்லாம கிடந்தா மிச்சப் புழு பட்டினியிலயே செத்துடும். ஆனா பெருசை...” தொட்டிக்கு வெளியிலிருந்தே அதன் நடுத்தண்டைத் தொட்டுக் காட்டினாள். “முழுசா வெச்சா முட்டையைச் சுரண்ட முடியாது. உடைக்கணும்.”

“நாளைக்குப் பண்ணலாமா?”

“இன்னைக்கே பண்ணணும் டாக்டர்.”

கன்னம் வீங்கியவர் கையை உயர்த்தினார். “எனக்கு மட்டும் பாத்துட்டு உடைங்கம்மா. மூணு நாளாத் தூங்கல.”

டாக்டர் அவரை உள்ளே அழைத்துப் போனார். அந்த அவகாசத்தில் அவள் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள்: ‘டாக்டர்கிட்ட இருக்கேன். சொல்லிட்டேன். வாளி வேணும்.’ பதில் வரவில்லை. அவள் வாசலுக்கும் தொட்டிக்குமாக நடந்தாள். வருவானா, வரமாட்டானா? வந்தால் என்ன சொல்வான்? இருபது நிமிடத்தில் அண்ணன் வந்தான். இரண்டு கையிலும் வாளிகள், கக்கத்தில் மருந்து. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். “உங்க தங்கச்சி கடையில தப்பு நடந்துச்சுன்னு சொல்றாங்க. யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க.”

அண்ணன் வாளிகளைக் கீழே வைத்தான். “நான்தான் டாக்டர். அவ எண்ணிப் பாத்துக் கேட்டா. செத்துப் போச்சுன்னு பொய் சொன்னேன்.”

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, “எங்க வெட்டணும்?” என்று மட்டும் கேட்டார்.

முதல் கிளை முறிந்த சத்தத்தில் மூன்று பேரும் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். பிறகு நிற்க நேரமில்லை. அண்ணன் வெட்டினான். அவள் முக்கினாள், பீச்சினாள், வாளி அடியில் உதிர்ந்த புழுக்களைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். டாக்டர் நோயாளியின் நாற்காலி விளக்கை இழுத்து வைத்து, பல்லில் படியும் காரையைச் சுரண்டும் ஊசியால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்.

“வருஷக்கணக்கா இதைத்தானே பண்றேன்,” என்றார். “இது வலிக்குதுன்னு கத்தாது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

சாயங்காலத்துக்குள் பெரிய பவளம் ஆறு துண்டாகி, மற்றவற்றோடு கிளினிக்கின் சாமான் அறையில் ஒரு தனித்தொட்டியில் இருந்தது. போகும்போது டாக்டர் அண்ணனிடம் சொன்னார்: “இனி இந்தத் தொட்டிக்கு உங்க தங்கச்சி மட்டும் வந்தாப் போதும்.” அவன் தலையாட்டினான்.

வீடு போகும் வழியில் வண்டியில் இருவரும் பேசவில்லை. ஒரு வாரம் அப்படியே போயிற்று. அண்ணி, “ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுப் பார்த்து ஓய்ந்தாள். ஆனால் வியாழக்கிழமை குளியலுக்கு அவள் கிளம்பியபோது, அண்ணன் வண்டியை வாசலில் நிறுத்திக் காத்திருந்தான். கிளினிக் வரை கொண்டுபோய் விட்டான். உள்ளே வரவில்லை. முடியும்வரை வெளியிலேயே நின்றான். அதன்பின் எல்லா வியாழனும் அப்படித்தான்.

முதல் வாரம் பதினொரு புழுக்கள். அடுத்த வாரம் நான்கு. மூன்றாம் வாரம் ஒன்றுமில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. நான்காம் வாரம் மறுபடி இரண்டு. அன்று வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் அழுதுவிட்டாள்.

“ரெண்டுதானே?” என்றான் அண்ணன்.

“ரெண்டு போதுமே.”

அவன் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, “உன்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்,” என்றான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஆமா, சொல்லியிருக்கணும்,” என்றாள்.

பிறகு எதுவும் விழவில்லை. எட்டு வாரம் முடிந்தும் அவள் மனம் ஒப்பவில்லை. இன்னும் இரண்டு வாரம் கேட்டாள். டாக்டர் கொடுத்தார். அதற்குள் ஆறு துண்டில் இரண்டு அடியிலிருந்து வெளுத்து வெறும் எலும்பாகிவிட்டன. நான்கு பிழைத்தன.

திரும்ப வைக்கும் நாளில் டாக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “வெளிய நிக்கறவரையும் கூப்பிடுங்க. பாறையைத் தூக்க ஆள் வேணும்,” என்றார்.

ஆறடித் தொட்டியில் நான்கு துண்டுகளும் குச்சி குச்சியாக, நோஞ்சான்களாகத் தெரிந்தன. டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட உள்ளே போனார். அவள் மட்டும் தரையில் மண்டியிட்டு, கன்னம் கண்ணாடியில் படும்படி சாய்ந்திருந்தாள்.

“இன்னும் என்ன பாக்கற?” என்றான் அண்ணன்.

“தெரியல. எழுந்திருக்க மனசு வரல.”

அவன் காலி வாளியை ஓரமாக வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மெதுவாகக் குனிந்தான். “எந்தப் பக்கம் பாக்கணும்?” என்று கேட்டான்.