கற்றை நிற்க வேண்டாம்

தம்பி பஞ்சை நனைத்து அக்காவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அதிர்ந்தது. திரையில் 'உலைக்காரி' என்று வந்தது. அணு உலைக்கூடத்தில் அக்காவோடு பத்து வருடமாக வேலை பார்ப்பவளுக்கு அக்கா வைத்த பெயர்.

"சொல்லிடாதடா," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"தூங்கறாங்க. காலையில நல்லா சாப்பிட்டாங்க," என்று போனில் சொன்னான் தம்பி. மூன்று நாளாக அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அக்காவும் உலைக்காரியும் ஒரு வருடம் சூளையில் வளர்த்த படிகம், கட்டைவிரல் நகத்தளவு. அதைச் சோதிக்க நான்கு நாள் மட்டும் உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையைக் கொடுத்திருந்தார்கள். இன்று மூன்றாம் நாள். அக்கா சாகக் கிடப்பது தெரிந்தால் உலைக்காரி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

"அதுக்குள்ள அப்படி என்னதான்க்கா இருக்கு?" லிஃப்ட் பழுது பார்ப்பவன் அவன். இத்தனை வருடத்தில் இன்றுதான் கேட்டான்.

அக்கா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "வெளிய பாத்தா அணுவெல்லாம் ஒழுங்கா வரிசையில நிக்கும். உள்ள சின்னச் சின்னக் கும்பலா ஆளுக்கொரு பக்கம் சாஞ்சிருக்கும். குளிர வச்சா கும்பல் பெருசாகும். ஆனா எல்லாம் சேந்து ஒரே பக்கம் சாயவே சாயாது. நியூட்ரான் பட்டுச் சிதறும்போது அந்தச் சாய்வு தெரியும்."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரி."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கியது.

மதியம் இரண்டரைக்கு மூச்சு நின்றது. வெகுநேரம் கையைப் பிடித்தபடி இருந்துவிட்டு அவனே உலைக்காரிக்குப் போன் செய்தான்.

"அக்கா போயிட்டாங்க. நீங்க முடிச்சிட்டு வாங்க. அவங்க ஆசை அதுதான்."

மறுமுனையில் பம்பின் இரைச்சலுக்கு நடுவே உலைக்காரியின் குரல் வந்தது. "படிகத்துக்கு இப்பதான் மின்புலம் குடுத்திருக்கேன்... இன்னும் பதினெட்டு மணி நேரம் ஆகும்."

"நாளைக்கு மதியம் வரைக்கும் எடுக்காம வச்சிருப்பேன்."

"யாருக்குப்பா காத்திருக்கோம்?" என்று மாமா மறுநாள் காலை மூன்று முறை கேட்டார்.

"அக்காவோட வேலை பாத்தவங்களுக்கு."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

"ஆமா மாமா."

கசங்கிய உடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக உலைக்காரி பன்னிரண்டரைக்கு வந்தாள். அக்காவின் காலருகே நின்றாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் மடிக்கணினியைத் திறந்தாள். படிகத்தில் பட்டுச் சிதறிய நியூட்ரான்களின் படம்: கருநீலத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. அதன் இருபுறமும் சிறகு விரித்தாற்போல் மங்கிய ஒளி. அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.

"புலம் குடுத்ததும் ஒரு சிறகு மங்கிடுச்சு, பாருங்க. இன்னொண்ணு பளிச்சுனு ஆயிடுச்சு. இப்படித்தான் வரும்னு அக்கா மூணு வருஷமா சொன்னாங்க. ஒருத்தரும் நம்பல. நானும்தான்."

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றான் அவன். அவள் சொன்னாள். பின்னாலிருந்து மாமாவும் எட்டிப் பார்த்தார்.

"படிகம் இப்ப எங்க?"

"நியூட்ரான் பட்டதால அதுல கதிர்வீச்சு இருக்கும், ரெண்டு மாசம் ஈயப் பெட்டிக்குள்ள இருக்கணும். அப்புறம் கையில எடுக்கலாம். பாக்க வர்றீங்களா?"

அவன் எழுந்து போய், சுவரிலிருந்த மாதக் காலண்டரில் இரண்டு தாள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எந்தத் தேதின்னு சொல்லுங்க," என்றபடி சட்டைப் பையில் பேனாவைத் தேடினான்.