மூன்றாம் பேஸை விட்டு நடந்தவன்

நெப்ராஸ்கா ஊர் லீகின் பேஸ்பால் இறுதியாட்டம். ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். இன்னொரு அவுட் விழுந்தால் கதை முடிந்தது. எங்கள் வெர்லின் மூன்றாம் பேஸுக்குச் சறுக்கிப் பாய்ந்தான். அவன் பேஸைத் தொடுமுன்பே பந்து இருந்த கையுறை அவன் முழங்காலில் பட்டதை, அவன் அவுட் என்பதை, மைதானமே பார்த்தது. நடுவர் லண்ட் மட்டும் ‘சேஃப்’ என்று கை விரித்தார்.

“கண்ணு அவிஞ்சு போச்சாய்யா?” என்று எதிரணி கத்தியது. நடுவர் ஏமாந்தால் வாயை மூடிக்கொள்வதுதான் எங்கள் ஆட்டத்தில் வழக்கம்.

வெர்லின் எழுந்து, எங்கள் பெஞ்சைப் பார்த்து நடந்தான். பேஸைக் கைவிட்டவன் அவுட் என்பது சட்டம். லண்ட் மெல்லக் கை முஷ்டியை உயர்த்தி ‘அவுட்’ கொடுத்தார்.

“தப்பு அவரோடது. நீ ஏன்டா வந்த, அறிவுகெட்டவனே?” என்றேன்.

“தப்புன்னு அத்தனை பேர் முன்னால அவரு வாயாலயே சொல்ல வைக்கணுமா, கோச்?”

ஆட்டம் முழுக்க மென்று துப்பும் சூரியகாந்தி விதை வாய் நிறைய. துப்பக்கூடத் தோன்றவில்லை எனக்கு.