எந்தக் கெண்டை?

"கெண்டை அரைக்கிலோ" என்று ஒரு பெண் வந்து கேட்டதும், மீன்கடையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்துகொண்டிருந்த செதில்காரர் கத்தியை நிறுத்தினார். கெண்டை கேட்டால் வேறு மீனைத் தருகிறார்கள் என்று கடைமேல் ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று மார்க்கெட் மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு பெயருக்கு ஒரு மீன் என்று படம் போட்ட பட்டியலைத் தராசுக்கு மேலேயே ஒட்டியும் வைத்துவிட்டார். அதன்படி கெண்டை என்றால் பெரிய செதில் வைத்த முழநீள மீன்.

படம் போட்டவருக்கு என்ன போச்சு? நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்த இடம் இது. ஒருவருக்கு விரல் நீளப் பொடிமீன்தான் கெண்டை. இன்னொருவருக்குத் தட்டையாய் மின்னும் வெள்ளை மீன். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் வீட்டுச் சட்டியில் படித்த பெயர். நிறுத்துக் கொடுப்பது மனைவியின் வேலை; அவள் காய்ச்சலில் படுத்த இரண்டு நாள் மட்டும் இவர் தராசைப் பிடித்தார். அந்த இரண்டு புகாரும் இவருடைய கைங்கரியம்தான்.

"பட்டியல்ல இருக்கறதையே குடுத்துடும்மா" என்று மனைவியிடம் முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை.

"யாருக்கும்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"அப்பாவுக்கு. ஆபரேஷன் ஆனதுலேருந்து எதுக்கும் வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. இன்னைக்குத்தான் கெண்டைன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. சின்னதுல எனக்கும் ஊட்டியிருக்காரு. மீன் எப்படி இருந்துச்சுன்னுதான் ஞாபகமில்ல."

"மீனை விடு. அப்பா எப்படித் தின்னாரு? கையில காட்டு."

அந்தப் பெண் கூச்சத்தோடு இரண்டு விரலைச் சேர்த்தாள். எதையோ வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் தூக்கி, அப்படியே வாய்க்குள் கொண்டுபோனாள். "முள் எடுத்த மாதிரியே தெரியல" என்றாள்.

மனைவி யோசிக்கவே இல்லை. பொடிமீனை அள்ளித் தராசில் போட்டாள். செதில்காரர் பயந்துகொண்டே அத்தனையையும் ஒவ்வொன்றாய்ச் சுத்தம் செய்து கொடுத்தார்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் திரும்பி வந்தபோது மேலாளர் கடைமுன் நின்றிருந்தார்.

"என்னம்மா, புகாரா?"

"இல்ல சார். அதே கெண்டை, இன்னும் அரைக்கிலோ. அப்பா தட்டைக் கையிலேருந்து விடவே இல்ல."

மேலாளர் பொடிமீனைப் பார்த்துவிட்டுப் பட்டியலைத் தட்டினார். "இது கெண்டையே இல்லையே!"

"பின்னே? அந்த வெள்ளைதான் கெண்டை" என்றார் பின்னால் நின்றவர். "அட, பெரிசு சார்!" என்றது இன்னொரு குரல்.

செதில்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முப்பது வருஷமாக மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் திறமையை ஒருநாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. "இவளைக் கேளுங்க சார். உங்க வீட்டுக் கெண்டை எதுன்னும் சொல்லிடுவா."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "உங்கம்மா எப்படித் தின்னாங்க சார்? கையில காட்டுங்க."

மேலாளர் முறைத்தார். பிறகு கையிலிருந்த புகார் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவருடைய வலது கை மெல்ல மேலே எழுந்து, விரல்கள் ஒவ்வொன்றாய்க் குவிந்தன.