அசையாத எண்

ப்ராடி ஜாம் வைத்த டோனட்டைத் தின்று முடித்தான். விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினான். சப்பிய அதே விரல்களால், தராசைச் சரிபார்க்கும் எஃகு எடைக்கல்லைத் தூக்கித் தட்டில் வைத்தான். மார்லிஸ் பெட்டியிலிருந்த இடுக்கியைப் பார்த்தாள். இடுக்கியால் மட்டுமே தொட வேண்டிய கல் அது. தராசு விற்க வந்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லை.

"பாத்தீங்களா மேடம்? நூலு பிசகல."

"உன் எச்சிலையும் சேத்து நிறுத்திருச்சா?"

முதலாளி ட்வேன் வாய்விட்டுச் சிரித்தான். விஸ்கான்சினில் மூன்று தலைமுறையாக ஓடும் சாசேஜ் தொழிற்சாலை அவனுடையது. மார்லிஸ் அங்கே தரத்துக்குப் பொறுப்பு. அவள் கையெழுத்துப் போட்டால்தான் தராசு உள்ளே வரும்.

புதுத் தராசு எதற்கு என்பதை அவளால் மறக்க முடியவில்லை. இறைச்சி கெடாமலிருக்க இளஞ்சிவப்பு உப்பு ஒன்று போடுவார்கள். அளவு கூடினால் அது விஷம். போன மாதம் பழைய தராசு அளவைக் குறைத்துக் காட்டிக் காலை வாரிவிட்டது. ஒவ்வொரு கலவையிலும் முதல் சாசேஜை முதலாளிதான் தின்ன வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ட்வேனின் தாத்தா தின்கிற படம் வாசலில் இன்னும் தொங்குகிறது. அன்றைக்கு ட்வேன் மான் வேட்டைக்குப் போய்விட்டான். உப்பு நிறுக்கும் லூப்பேயிடம், "எனக்குப் பதிலா நீ தின்னுடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். தின்ற சற்று நேரத்தில் அவள் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் மார்லிஸ்.

"ஏசி ரூம்ல, கல்லு மேசை மேல எந்தத் தராசும் ஒழுங்காத்தான் நிக்கும். கீழ கொண்டாங்க" என்றாள்.

கீழே இறைச்சி அரைக்கும் இயந்திரம் தரையையே உலுக்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வைத்ததும் தராசில் எண்கள் பேயாட்டம் ஆடின. ப்ராடி அசரவில்லை. இரண்டு பொத்தான்களை அழுத்தினான். எண் அப்படியே நின்றது.

"அதிர்வ வடிகட்டிட்டோம் மேடம்."

"சபாஷ்!" என்று ட்வேன் கைதட்டினான்.

மார்லிஸ் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் உப்பைக் கொட்டினாள். எண் நின்றபின் விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினாள். எண் அசையவில்லை. இன்னொரு சிட்டிகை. அப்போதும் அசையவில்லை. அரைக் கரண்டி உப்பு உள்ளே போனபிறகும் தராசு பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தது.

"இது அதிர்வ வடிகட்டல. உப்பையே வடிகட்டுது."

"யாரு இப்படிச் சிட்டிகை சிட்டிகையாப் போடுவா?" என்றான் ட்வேன்.

"லூப்பே போடுவா. அளவு நெருங்கும்போது எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. நான் கேட்டது வேற தராசு. கண்ணாடிக் கூண்டு போட்டது. அத அதிராத தனி ரூம்ல வைக்கணும். கிழக்கால இருக்கே, அந்த ரூம்."

"அங்க என் மான் தலைங்க இருக்கு."

"தெரியும்."

"பதினோரு தலை மார்லிஸ்! அதையெல்லாம் எங்க கொண்டுபோய் மாட்டுறது? இந்தத் தராசே போதும். கையெழுத்தப் போடு, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் என் செலவு."

செத்த மானுக்கு இருக்கிற மரியாதை உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு இல்லை. த்தூ என்று துப்பத் தோன்றியது. துப்பவில்லை. அந்தக் கிண்ணத்து உப்பையே எடுத்தாள். தராசு காட்டிய எண்ணுக்கு ஏற்ற இறைச்சியைத் தானே நிறுத்து, உப்போடு பிசைந்து, குடலில் அடைத்து, வாட்டினாள். மற்ற இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சாசேஜைத் தட்டில் வைத்து, தட்டைப் புதுத் தராசின் மேலேயே வைத்தாள். எண் உடனே நின்றது.

"முதல் சாசேஜ். தின்னுங்க ட்வேன். தராசு சரியாத்தான காட்டுச்சு?"

ட்வேன் தட்டைப் பார்த்தான். வயிற்றைத் தடவிக்கொண்டான். "காலைல கொஞ்சம் கனமாச் சாப்பிட்டுட்டேன். ப்ராடி, நீ?"

"நான் மாமிசம் தொடுறதில்ல சார்" என்றான் ப்ராடி, கண்ணைத் தாழ்த்தியபடி. டோனட்டுக்கு முன்னால் அவன் தின்ற பன்றி இறைச்சியின் கொழுப்பு சட்டைக் கையில் மினுமினுத்தது.

ட்வேன் இறைச்சிக் கூடத்தின் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

"லூப்பே! இங்க கொஞ்சம் வா. இதத் தின்னு பாத்துச் சொல்லு."

லூப்பே ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். தட்டைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

மார்லிஸ் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். கழிவு இறைச்சியை யாரும் திருடித் தின்றுவிடக்கூடாது என்று சாயம் ஊற்றுவார்கள். அந்தப் புட்டி சுவரோரம் இருந்தது. அதைத் திறந்து சாசேஜின் மேல் சாய்த்தாள். லூப்பேயின் உதட்டில் அன்று பார்த்த அதே நீலம்.

"ஏய், என்ன பண்ற? தராசு நாசமாயிரும்!" என்று ப்ராடி அலறினான்.

அவள் அவசரப்படவில்லை. சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். தட்டு நிரம்பியது. தராசில் எண் அசையவே இல்லை.