முப்பது கழி

முழங்காலைப் பற்றி டாக்டருக்கே பாடம் எடுத்தவன் நான். அதை முதலில் சொல்லாவிட்டால் என் வெட்கம் உங்களுக்கு முழுசாகப் புரியாது.

படகிலிருந்து குதித்தபோது முட்டிக்குள் ஜவ்வு அறுந்துவிட்டது. பொன்னேரியில் ஆபரேஷன். தொடையிலிருந்து தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு உள்ளே விட்டு, ஸ்க்ரூ வைத்து இறுக்கினார்கள்.

"புது ஜவ்வு நல்ல பலம் கேசவன், அது அறாது. ஸ்க்ரூ புடிச்சிருக்கற இடம்தான் இப்போ பலவீனம். எலும்போட ஒட்ட மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் திரும்பத் திரும்ப இழுவை பட்டா, கொஞ்சம் கொஞ்சமா நழுவிடும்" என்றார் டாக்டர்.

"தெரியும் சார். எங்க ஏரியில வலை கிழியாது, அதைக் கட்டப் புதுசா நட்ட கழிதான் புடுங்கிக்கும். சேறு இறுகற வரைக்கும் அலை ஆட்டிக்கினே இருக்கும்" என்றேன்.

டாக்டர் சிரித்து, பக்கத்தில் நின்ற மஸூதாவிடம், "இவருக்கு நாம சொல்லவே வேணாம் போல" என்றார். மஸூதா அங்கே காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண். அவள் வீடு பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பக்கத்துத் தெரு, எங்கள் குப்பத்திலிருந்து கூப்பிடு தூரம். தினமும் கல்லறை வாசல் வரை நடந்து திரும்பினால் போதும் என்றாள்.

ஆறாவது வாரம் எங்கள் பாடு வந்தது. ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டெடுக்கும். அதுதான் பாடு. பல வருஷத்துக்குப் பிறகு முகத்துவாரத்தை ஒட்டிய இடம் எங்களுக்கு விழுந்தது. தம்பி தனசேகர் வலை கட்டுவான், நான் படகில் உட்கார்ந்து பார்ப்பேன் என்றுதான் ஏற்பாடு. அவன் கழி நட்ட லட்சணத்தைப் பார்த்து என் வாய் சும்மா இருக்கவில்லை. பிறகு காலும் சும்மா இருக்கவில்லை. முழங்கால் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து முப்பது கழி நட்டேன். வலிக்கவே இல்லை, சனியன்.

என் மனைவி காந்தா அன்று மீஞ்சூரில் வேலைக்குப் போயிருந்தாள். தம்பியே கட்டினான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்து வாசப்படி இறங்கும்போது முட்டி கழன்றது போல் ஆனது. மறுநாள் டாக்டர் காலை மடக்கி வைத்து இழுத்துப் பார்த்தார். எலும்பு முன்னால் வந்தது.

"நழுவிடுச்சு. தண்ணியில எறங்கினீங்களா?"

"இல்ல சார்."

கூட வந்திருந்த காந்தா கொதித்துவிட்டாள். "இன்னா சார் கேக்கறீங்க? கல்லறையத் தாண்டி இவரு எங்கயும் போவல. இந்தப் பொண்ணுதான் காலை மடக்கு மடக்குனு உயிரை எடுத்துது!"

டாக்டர் மஸூதாவைப் பார்த்தார். "நான் சொன்னதுக்கு மேல மடக்கினியா?"

"இல்ல சார்" என்றாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இனிமே ஆபரேஷன் கேஸ் நீ பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். காந்தா தண்ணீர் பிடிக்கப் போனாள். மஸூதா குனிந்து என் முட்டிக்குப் பட்டை கட்டினாள்.

"பாடு வந்த அன்னைக்கு எங்க வூட்டுக்கு எறா குடுத்தீங்களாமே அண்ணே" என்றாள் மெதுவாக. "கால் போச்சுன்னு நீங்க நேத்து போன் பண்ணப்புறம்தான் வாப்பா சொன்னாரு."

 அன்று சாயங்காலம் இறால் கூடையோடு நானே போய் அவள் வாப்பா அபூபக்கரிடம் மார்தட்டியிருந்தேன்: 'நானே எறங்கிக் கழி நட்டேன் பாய், உங்க பொண்ணு குடுத்த காலு!'

"ஏம்மா டாக்டர்கிட்ட சொல்லல?"

"காந்தாக்கா எதிர்ல உங்களைப் பொய்யராக்கணுமா? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

டாக்டரும் காந்தாவும் திரும்பி வந்ததும் சொன்னேன். முப்பது கழியையும் சொன்னேன். டாக்டர் ஏதோ திட்டினார், காதில் ஏறவில்லை. காந்தா என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் மஸூதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. காந்தா பழவேற்காடு வரை கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள்.