பாக்கெட் இல்லாத நாடு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதிலும் ஒரு டெய்லரைப் பார்த்து "பாக்கெட் வைக்காதீங்க" என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம். ஜோகுபாளையத்தில் என்னிடம் நைட்டி தைக்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த வலது பக்கப் பாக்கெட்டுக்காகவே வருகிறவர்கள். ஃபோன், சாவி, கர்ச்சீப் எல்லாம் அதில்தான்.

அப்படிச் சொன்னவள் இளவேனில். தஞ்சாவூர்ப் பெண், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு முதல் படம் எடுக்கிறாள். படத்தின் கதையில், சாமி பெயரைச் சொல்லி நாலு பெரிய மனிதர்கள் ஆளும் ஒரு நாடு. அங்கே பெண்கள் படிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. கழுத்திலிருந்து கால் வரை சாம்பல் நிற அங்கிதான் போட வேண்டும். அந்த அங்கி நாற்பது வேண்டுமாம்.

"அந்த நாட்டுல பொம்பளைக்குன்னு சொந்தமா ஒண்ணுமே கிடையாதுக்கா. அப்புறம் பாக்கெட் எதுக்கு?"

"நல்லா இருக்கும்மா உன் நாடு!" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். வேலை சரியாக இருந்தால் படத்தில் 'உடை: செண்பகம்' என்று போடுவதாகச் சொல்லியிருந்தாள். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் தைக்கிறேன், எங்கேயும் என் பெயர் இருந்ததில்லை. அதைத் திரையில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு காலி குடோனில் படப்பிடிப்பு. தையல் பிரிந்தால் சரிசெய்ய நானும் மெஷினோடு போயிருந்தேன். நாற்பது பெண்கள் தலைகுனிந்து வரிசையாக நின்றார்கள். காவலனாக நடித்த ரெமிஜியஸ் ஒவ்வொருவரையும் முறைத்துக்கொண்டே வந்தார். கதாநாயகி மோனிகா கையைத் தொங்கவிட்டாள். கை சர்ரென்று உள்ளே போனது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்!

"கட்! ஏன் சிரிச்ச?" என்று கத்தினாள் இளவேனில்.

"சாரி மேம். இதுல பாக்கெட் இருக்கு மேம்!" மோனிகா அதை வெளியே இழுத்துக் காட்டினாள். மஞ்சள் பூப்போட்ட துணி.

முப்பத்தொன்பதையும் ஒழுங்காகத்தான் தைத்தேன். கடைசி ஒன்றில் பாழாய்ப்போன கை, பழக்கதோஷத்தில் நைட்டி தைத்து மிஞ்சிய வெட்டுத்துணியை எடுத்துப் பாக்கெட் வைத்துவிட்டிருக்கிறது. போச்சு, என் பெயரும் போச்சு.

அதற்குள் மற்ற பெண்கள் தங்கள் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டார்கள். "ஏண்டி செண்பகம், ஹீரோயினுக்கு மட்டும்தான் வைப்பியா? ஓரவஞ்சனைடி உனக்கு!" என்று அங்கியோடு சண்டைக்கு வந்தாள், கூட்டத்தில் நடிக்க வந்திருந்த என் எதிர்வீட்டு எலிசபெத். ஒரே கூச்சல்.

இளவேனில் அந்தச் சிரிப்பை மானிட்டரில் மூன்று தடவை பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, கிளைமாக்ஸ் கிடைக்காம ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் இதே மாதிரி வச்சுத் தர முடியுமா?"

"இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று கத்தினேன். சந்தோஷத்தில்தான்.

எலிசபெத் ஓடிப்போய் என் கடையிலிருந்து வெட்டுத்துணி மூட்டையைத் தூக்கி வந்தாள். எல்லாம் எங்கள் தெருக்காரிகளின் நைட்டித் துணி. ரோஜா, மாங்காய், மயில் என்று என்னென்னவோ இருந்தது. அங்கிகளின் பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, ஒவ்வொன்றாக உள்ளே வைத்துத் தைத்தேன். வெளியே பார்த்தால் அதே சாம்பல்தான்.

ஆறு மாதம் கழித்து பிரேசர் டவுனில் ஒரு சின்ன அரங்கில் படம் போட்டார்கள். எங்கள் தெருவே வந்திருந்தது. கடைசிக் காட்சியில், "ஒளிச்சு வச்சிருக்கிறதை எடு!" என்று உறுமினார் ரெமிஜியஸ். மோனிகா அதே சிரிப்போடு பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டாள். அடுத்தவளும் இழுத்தாள். அப்புறம் நாற்பது பேரும். சாம்பலாகக் கிடந்த திரை முழுக்க ரோஜாவும் மயிலும்.

"ஐயோ, அது என் நைட்டி கணே!" என்று பின்வரிசையில் எல்லம்மா கன்னடம் கலந்து கத்திக்கொண்டே எழுந்து நின்றாள். "அந்த மயிலு என்னுது!" என்றாள் இன்னொருத்தி. விசில் காதைக் கிழித்தது.

அந்தக் கூத்தில் நான் திரையையே மறந்துவிட்டேன். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எலிசபெத்தான் என் தலையைப் பிடித்துத் திரைப்பக்கம் திருப்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர், ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"படிச்சுச் சொல்லுடி," என்றேன்.

அரங்கமே கேட்கும்படி அவள் படித்தாள்: "உடையும் பாக்கெட்டும், செண்பகம்!"