முகவரிக்கு ஒரு தாள்

"அம்மா, உங்களை இன்னும் ஒருத்தரும் எண்ணேல்லையோ?"

வித்தியா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. வகுப்பில் வளர்க்கும் மீனுக்குப் பெயர் வைக்க எல்லாப் பிள்ளைகளும் கை உயர்த்தினார்களாம். ஆசிரியை ஒவ்வொரு கையையும் தொட்டு எண்ணினாராம். அதைக் கேட்ட கஜந்தினி, தனக்கு இந்த நாட்டில் வாக்கு இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு அகப்பட்டுக்கொண்டாள்.

"இன்னும் இல்லை, குஞ்சு. பேந்து எண்ணுவினம்."

அந்தப் 'பேந்து' இரண்டு வருடம் கழித்து வந்தது. பங்குனியில் குடியுரிமை கிடைத்தது. கார்த்திகை முதல் ஞாயிறு மேயர் தேர்தல். கஜந்தினிக்கு முப்பத்தேழு வயது. ஊரில் வாக்களிக்கும் வயது வந்தபோது யுத்தம், பிறகு முகாம், பிறகு அடையாள அட்டை தொலைந்துபோனது. ஒரு முறைகூட அவள் வாக்குப் பெட்டியைக் கண்டதில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த வாக்காளர் அறிவித்தலில் முன்பு குடியிருந்தவர்களின் பெயர்கள்தான் இருந்தன. யூலையில்தான் அவர்கள் அதே நகரில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்கு வீடு மாறியிருந்தார்கள். பெயரைச் சேர்க்கக் கடைசி நாள் வியாழக்கிழமை. தேர்தல் அலுவலகம் மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படும்.

கீழ் வீட்டில் இருப்பவர் வீட்டுச் சொந்தக்காரர் சிவநேசம். மேயருக்குப் போட்டியிடும் ஒருவருக்காகப் புரட்டாதியிலிருந்தே வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். கஜந்தினி குடியிருந்த மேல் மாடிக்கும் ஏறி வந்தார்.

"எங்கட ஆள் வந்தால் இந்தச் சைக்கிள் பாதையை எடுத்துப்போடுவார். பிறகு வான் விட இடம் தேடி அலையத் தேவையில்லை."

"நான் அந்தப் பாதையாலதான் பிள்ளையைப் பின்னால வச்சுக்கொண்டு போறன், அண்ணை. என்ர வோட்டு மற்ற ஆளுக்குத்தான். உங்களுக்கு ஏன் ஒளிப்பான்?"

"அப்ப நான் போடுற வோட்டை நீர் வந்து அழிப்பீர்?"

"ஓம் அண்ணை. வடிவா அழிப்பன்."

அதன்பிறகு அவர் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. படியடியில் கண்டால் சைக்கிளுக்குத் தலையாட்டிவிட்டுப் போவார். அவருடைய மனைவி புஷ்பவதிதான், "அவர் கிடக்கிறார், நீர் பிள்ளையை இஞ்ச விட்டிட்டுப் போம்" என்று வழக்கம்போல வித்தியாவைப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் வேலை முடிந்ததும் கஜந்தினி நேரே அலுவலகத்துக்குப் போனாள். தன் பத்திரங்கள் அடங்கிய பிளாஸ்டிக் கோப்பை மறக்காமல் கொண்டுபோயிருந்தாள். இடம்பெயர்ந்த சனத்திடம் அப்படி ஒரு கோப்பு எப்போதும் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, முகாம் அட்டை, விவாகப் பதிவு, விசா வந்த கடிதம், குடியுரிமைச் சான்றிதழ். மேசைக்குப் பின்னாலிருந்த இளம்பெண் ஒவ்வொன்றையும் மரியாதையாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டாள்: "நீங்கள் இப்போது இருக்கும் வீட்டு விலாசம் எதில் இருக்கிறது, மடாம்?"

எதிலும் இல்லை. எங்கிருந்து வந்தாள் என்பதற்கு இருபது தாள் இருந்தது. எங்கே இருக்கிறாள் என்பதற்கு ஒன்றும் இல்லை. கடிதங்கள் எல்லாம் இன்னும் பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தன. வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரும் உண்டு. அவளிடமிருந்த பிரதியோ வீடு மாறிய பெட்டிகளுக்குள் எங்கேயோ. கணவன் டினோஜன் லொறியோடு தூரத்து வின்னிப்பெக் பக்கம் போயிருந்தான்.

மணி ஆறு இருபது. இன்னொரு பிரதி சிவநேசத்திடம் இருந்தது. ஆனால் அவருடைய ஆள், மேயருக்கு நிற்பவரே, இன்று ஆறரைக்கு அவர் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வருகிறார். மூன்று வாரமாகத் தெரு முழுக்க அதே பேச்சு.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அழைத்தாள்.

"அண்ணை, கஜந்தினி கதைக்கிறன். குறை நினைக்காதேங்கோ..." விஷயத்தைச் சொல்லி முடித்தாள். மறுபக்கத்தில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"எத்தினை மணிக்குப் பூட்டுறாங்கள்?"

"ஏழுக்கு."

"வையும் போனை."

வருகிறாரா இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டபடி நின்றாள். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கதவு திறந்தது. புதுக் கோட்டு, நெற்றியில் திருநீறு, காலில் வீட்டுச் செருப்பு. சிவநேசம் மூச்சு வாங்கியபடி தாளை நீட்டினார்.

அந்தப் பெண் படித்தாள், எழுதினாள், கையெழுத்து வாங்கினாள். "முடிந்தது, மடாம்."

"என்னவாம்?" என்றார் சிவநேசம்.

"பேர் ஏறிட்டுதாம், அண்ணை." தாள்களைக் கோப்புக்குள் அடுக்கினாள்.

வானில் ஏறிய பிறகுதான் கேட்டாள். "உங்கட ஆள் இப்பவும் இருப்பாரோ?"

"இருபது நிமிசத்துக்கு வந்த மனுசன். போயிருப்பார்."

"நீங்கள் குப்பை எடுக்கிற விசயம் கதைக்க எழுதி வச்சிருந்தீங்கள் எண்டு புஷ்பவதி அக்கா சொன்னவ."

"மூண்டு நாள் கண்ணாடிக்கு முன்னால பிரெஞ்சில கதைச்சனான். கண்ணாடிக்கு வடிவா விளங்கிட்டுது." சிரித்தார். ஆனால் வீட்டில் எடுத்த படத்தைப் பிறகு பார்த்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேட்பாளருக்குப் பக்கத்துக் கதிரையில், அவருக்கென்று வைத்த இடத்தில், கையில் வடையோடு வித்தியா இருந்தாள்.

சிவப்பு விளக்கில் வான் நின்றது. கஜந்தினி சொன்னாள்: "அண்ணை, நான் உங்கட ஆளுக்கே போடுறன்."

"விசர்க்கதை கதையாதையும், பிள்ளை. அவருக்காக எண்டால் நான் வராமலெல்லோ விட்டிருக்க வேணும்? உமக்காகத்தான் கொண்டு வந்தனான். மனசுக்குச் சரியெண்டு படுற ஆளுக்குப் போடும். என்னால மாத்திப் போட்டீரெண்டால் கோயில்ல நான் என்னெண்டு கும்பிடுறது?"

அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செய்த உதவியை ஒருவர் திருப்பிக் கேட்காதபோதுதான் அது நம் மனதில் கடனாக நிலைத்துவிடுகிறது. கடவுள் அதை அப்படித்தான் வைத்திருக்கிறார் போலும். வாக்கால் அடைக்கக் கூடாத கடனை வேறு எதனால் அடைப்பது என்று கஜந்தினி இரண்டு வாரம் யோசித்தாள். அவள் சந்தையிலிருந்து கொண்டுபோன ஆப்பிள் பழங்களைப் புஷ்பவதி வாங்கி, அதைவிடக் கூடுதலாகப் பலகாரம் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

தேர்தலுக்கு முதல் நாள், சனிக்கிழமை. இரவெல்லாம் அடித்த காற்றும் மழையும் விடியத்தான் ஓய்ந்திருந்தன. ஆறரை மணிக்கு வேலைக்குப் புறப்பட்ட கஜந்தினி மூலையில் சைக்கிளை நிறுத்தினாள். விளக்குக் கம்பத்தில் சிவநேசம் ஏணி வைத்து ஏறிக் கட்டிய விளம்பரப் பலகை, பிளாஸ்டிக் பட்டி அறுந்து, வேட்பாளரின் முகம் குப்புறத் தண்ணீருக்குள் கிடந்தது. மேப்பிள் இலைகள் முதுகில் ஒட்டியிருந்தன.

தெருவில் ஒருவரும் இல்லை. எல்லாத் திரைச்சீலைகளும் மூடியிருந்தன.

பலகையைத் தூக்கி, கையுறையால் நெற்றியிலும் கன்னத்திலும் இருந்த சேற்றைத் துடைத்தாள். நாளைக்கு இந்த முகத்துக்கு அவள் போடப்போவதில்லை. சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டுகிற கயிற்றை அவிழ்த்து, கை எட்டிய உயரத்தில் கம்பத்தோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். ஒரு பக்கம் சரிந்திருந்தது. திரும்பி வந்து நிமிர்த்தி, மெட்ரோவால் வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டு, முடிச்சை இறுக்கினாள்.